இரவல் ஏணி

"நம்ம வீட்லயே ஏணி இருக்கேப்பா, ஏன் அந்தத் தெருவுல போய் இரவல் கேக்குறீங்க?" என்று ஏழு வயதில் அவள் கேட்டபோது அப்பா சிரித்தார்.

"வாங்குனாத்தானே திருப்பிக் குடுக்கப் போகலாம். போனாத்தானே பேச முடியும்?"

அந்த அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவள் ஈரத்துணியால் அவர் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு தெருவுக்கும் நடுவே எது புகைந்தாலும் அவர் மூக்குக்குத்தான் முதலில் எட்டும். உடனே ஏதாவது இரவல் கேட்டுக் கிளம்பிவிடுவார். இந்தத் தெருவில் வாங்கிய குடையை அந்தத் தெருவில் ஒருவன் கையில் கொடுத்து, "நீயே போய்க் குடுத்துடுப்பா, எனக்கு முழங்கால் வலி" என்பார். குடையைத் திருப்பித் தர வந்து நிற்பவனிடம் யார் சண்டை போடுவது? 'இரவல்காரர்' என்றே பட்டப்பெயர்.

போன வருஷம் அந்தத் தெருத் தையல்காரர் இதே கூடத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க தெரு மேல எறிய எங்க பசங்க மொட்டைமாடியில கல்லு சேக்குறாங்கண்ணே. நான் சொன்னேன்னு மட்டும் வெளிய வரக்கூடாது." டீ கொண்டுவந்து வைத்தது அவள்தான்.

அப்பா தையல்காரரிடம் ஏணி வாங்கும் சாக்கில் போனார். பேசிப் பேசி, பையன்கள் கையாலேயே கல்லை இறக்க வைத்தார். ஆனாலும் எப்படியோ தகவல் போய், மறுநாள் போலீஸ் வந்தது. காட்டிக்கொடுத்தவன் யார் என்று தெரு கொதித்தபோது தையல்காரர் பயந்துபோய் முந்திக்கொண்டு சொன்னார்.

"இரவல்காரர்தான். ஏணி வாங்குற மாதிரி வந்து வேவு பாத்துட்டுப் போனாரு."

அதன் பிறகு அங்கே ஒரு கதவும் அப்பாவுக்குத் திறக்கவில்லை. ஏணி இங்கேயே தங்கிவிட்டது.

"உங்ககிட்ட வந்து சொன்னதே அவர்தான்னு சொல்லிடுங்கப்பா."

"வார்த்தை குடுத்துட்டேனேம்மா. ஆண்டவனுக்குத் தெரியும்ல, போதும்."

இன்று காலை மூச்சு வாங்கும்போதும், "ஏணியைக் குடுத்துடும்மா" என்றார். அதுதான் கடைசி.

வாசலில் சத்தம் கேட்டது. தம்பி சிநேகிதர்களோடு வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"அப்பாகிட்ட வந்து சொன்னவன் எவன்க்கா? உனக்குத் தெரியும். பேரை மட்டும் சொல்லு. அப்பா மேல இருக்குற பழி இன்னைக்கே போயிடும். மிச்சத்தை அந்தத் தெருக்காரனுங்களே பாத்துக்குவானுங்க."

பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஒரே வார்த்தை. சாம்பலாவதற்குள் அப்பா நல்லவராகிவிடுவார்.

அவள் துணியைப் பிழிந்தாள். மறுபடி பிழிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடா."

"பொய் சொல்றக்கா!"

"தோள் குடுக்க ஆள் பத்தாது. வாசல்ல நிக்கிறவங்களையும் உள்ள கூட்டிட்டு வா."

அவன் அவளை முறைத்தான். பிறகு செருப்பைக் கழற்றினான்.

சுடுகாட்டுக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. கதவுகள் சாத்தியிருந்தன. தையல்கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த மெஷின் மட்டும் சட்டென்று நின்றது.

மறுநாள் விடியுமுன் அவள் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள். தெருவில் யாருமில்லை. தையல்கடைச் சுவரில் சத்தமில்லாமல் சாய்த்து வைத்தாள். வாங்கும்போது மூன்றாவது படி உடைந்திருந்தது. கறுத்துப்போன படிகளுக்கு நடுவே, அப்பா அடித்துவைத்திருந்த புதுக் கட்டை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

அதைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.