பாதிப் பாதி செல்லாது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத நான் உட்காரவே இல்லை. பூல் விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. ‘பரிசுத்தொகையின் வளர்ச்சியும் தொழில்முறை பூல் விளையாட்டும்’ என்று தலைப்பையும் அவரே வைத்துக் கொடுத்தார். சிறப்பு மலரில் நான்கு பக்கம். நடுவில் தலைவர் சிரிக்கிற படத்துக்கு இடம் விட வேண்டும். கட்டுரை எனக்கு வராது என்றேன். “அப்போ உங்களுக்கு என்னதான் வரும்?” என்று கேட்டார். இதே கேள்வியை என் வீட்டிலும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ரோஷத்தில் ஒப்புக்கொண்டேன்.

கட்டுரையின் முதல் வாக்கியம் இது:

மிகக் குறைந்த பரிசுத்தொகையுடன் நடத்தப்பட்டுவந்த பூல் போட்டிகள் இன்று

[இங்கேயே விட்டுவிட்டேன். இன்று என்ன ஆகிவிட்டன என்று சொல்ல வேண்டுமானால் பல்லுக்காரியைச் சொல்ல வேண்டும். அவளைச் சொன்னால் அவள் நாத்தனாரைச் சொல்லாமல் தீராது. நாத்தனார் நுழைந்த பிறகு ஒன்று எப்படிக் கட்டுரையாக இருக்கும்?]

2

பல்லுக்காரி பல்செட் செய்கிறவள். ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறையில், ஊரார் வாய்களின் அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து மெழுகைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். வயது நாற்பது. வேலை முடிந்ததும் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பூல் கூடத்துக்குப் போவாள். அங்கே ஆறு மேஜைகள். ஒன்று லேசாகச் சரிந்தது. அதில் எந்தப் பந்தை அடித்தாலும் கழிப்பறைப் பக்கம்தான் உருளும். பல்லுக்காரி என்ற பெயரை வைத்தவன் அவளிடம் முதல் நாளே தோற்ற ஒரு வாயாடி. “பல்லைப் பிடுங்கிட்டா” என்று அவன் போய்ச் சொன்னதில் பெயர் நிலைத்துவிட்டது.

நாத்தனார் என்பது அவள் கணவனின் தங்கை. பள்ளி வேன் ஓட்டுகிறாள். அண்ணியைவிட எட்டு வயது இளையவள். அண்ணி குனிந்த வேகத்தில் அடித்துவிடுவாள். நாத்தனார் அப்படியில்லை. மேஜையை ஒரு சுற்று வந்து, வேனைப் பின்னால் எடுக்கப் போகிறவள்போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் குனிவாள்.

(முதல் வரைவில் நாத்தனாரை வில்லியாக்கினேன். நாத்தனார் என்று எழுதினாலே கை தானாக அந்தப் பக்கம் போகிறது. ஆனால் அவளோ பக்கத்துக்குப் பக்கம் அண்ணிக்கு ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அந்த வரைவைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.)

இவர்கள் ஆடும் ஆட்டத்தில் உங்களுக்குத் தெரிய வேண்டிய விதி ஒன்றுதான். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, மற்றப் பந்துகளை எண் வரிசையில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை யார் குழியில் போடுகிறாரோ அந்த ஆட்டம் அவருடையது. இறுதிப் போட்டி என்றால், முதலில் ஒன்பது ஆட்டங்களை ஜெயிப்பவருக்குக் கோப்பை.

3

இனிக் கொஞ்சம் வரலாறு. செயலாளரின் மனம் குளிரட்டும்.

ஆரம்பத்தில் பரிசு என்பது ஒரு பழுப்பு உறை. ஆட வந்தவர்களிடம் வாங்கிய நுழைவுக் கட்டணம் அதற்குள் இருக்கும். ஜெயித்தவர் அதைப் பிரித்துத் தோற்றவர்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தால் மிச்சம் வீட்டுக்குப் போகப் பஸ் கட்டணம். சில வருடங்கள் உறையோடு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். பல்லுக்காரி வீட்டில் அப்படி மூன்று கடிகாரங்கள் உண்டு, மூன்றும் மூன்று நேரம் காட்டும்.

பாதிப் பாதி என்ற வழக்கம் அந்தக் காலத்தில் பிறந்தது. இறுதிப் போட்டிக்கு வந்த இருவரும் ஆட்டத்துக்கு முன் கை கழுவப் போவார்கள். வாஷ்பேசினில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒருவர் “பாதிப் பாதியா?” என்பார். மற்றவர் “பாதிப் பாதி” என்பார். அவ்வளவுதான், யார் ஜெயித்தாலும் பரிசு சரிபாதி. பிறகு வெளியே வந்து கூட்டத்துக்காக எட்டுக்கு எட்டு வரை விறுவிறுப்பாக இழுப்பார்கள். கடைசி ஆட்டத்தில் முறைவைத்து ஒருவர் விட்டுக்கொடுப்பார். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ் கட்டணத்துக்காக யார் மல்லுக்கட்டுவார்கள்?

[அடிக்குறிப்பு மாதிரி: விட்டுக்கொடுப்பதும் ஒரு வித்தை. பந்து குழியின் உதட்டில் இடித்து, விழுவதுபோல ஆசைகாட்டி, வெளியே வந்துவிட வேண்டும். கூட்டம் தலையில் கைவைக்க வேண்டும். இதில் நாத்தனாரை அடித்துக்கொள்ள ஆளில்லை.]

அண்ணியும் நாத்தனாரும் இறுதிப் போட்டியில் மோதாத வருடம் அபூர்வம். ஒரு வருடம் இவள் கோப்பையைத் தூக்குவாள், மறுவருடம் அவள் தூக்குவாள். இருவருக்கும் நடுவில் அந்தக் கணவன், அதாவது அந்த அண்ணன், ஒரு தையல்காரர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதால் யார் பந்து விழுந்தாலும் கைதட்டிவிடுவார்.

பிறகு பணம் வந்தது. முதலில் மேஜைத் துணி விற்கிறவர் வந்தார், பின்னாலேயே செல்போன் விற்கிறவர், அப்புறம் ஆட்டத்தை நேரலையில் காட்டுகிறவர்கள். முதல் பரிசு ஒரு மாதச் சம்பளம் ஆனதும் காலர் வைத்த சட்டை கட்டாயம் என்றார்கள். ஆறு மாதச் சம்பளம் ஆனதும் வெள்ளைக் கையுறை போட்ட நடுவர் வந்தார். இந்த வருடம் அறிவித்த தொகையைப் பல்லுக்காரி தன் அறையில் உட்கார்ந்து சம்பாதிக்க ஊரில் பாதிப் பேருக்குப் பல் விழ வேண்டும். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள்: ஜெயிப்பவருக்குத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சுற்றில் ஒரு வருட இடம். சம்பளம் உண்டு, ஊர் ஊராகப் போய் ஆடலாம், டிக்கெட் அவர்கள் செலவு.

பணத்தை இரண்டாகப் பிரிக்கலாம். இடம் ஒன்றுதான்.

4

நடுவில் செயலாளர் போன் செய்தார்.

“கட்டுரை என்னாச்சு?”

“கதையாயிடுச்சு.”

“பரிசுத்தொகை வருதா?”

“வருது.”

“எவ்வளவுன்னு போட்டீங்களா?”

“ஊர்ல பாதிப் பேருக்குப் பல் விழணும்னு போட்டிருக்கேன்.”

அவர், தலைவர் படத்துக்கு இடம் விட மறந்துவிடாதீர்கள் என்றார்.

5

பல்லுக்காரிக்கு இந்த இடம் ஏன் வேண்டும் என்று நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். கடனை அடைக்க என்று எழுதினால் உடனே உங்களுக்குப் பரிதாபம் வந்துவிடும்; அவளுக்கு அது பிடிக்காது. மகளின் படிப்புக்காக என்று

(இல்லை. அவளுக்கு மகள் இல்லை.)

காரணம் எளிமையானது. அவளுக்கு ஆட வேண்டும். நாள் முழுக்க ஆட வேண்டும். பதினெட்டு வருடமாக வேலைக்குப் போய்விட்டு மிச்சப்பட்ட பொழுதில்தான் ஆடியிருக்கிறாள். இந்தத் தடவை போட்டிக்கு லீவு கேட்டபோது மருத்துவர் நல்ல மாதிரியாகவே சொன்னார்: “இதான் கடைசி லீவு. அடுத்த தடவை பந்தா பல்லான்னு நீங்களே முடிவு பண்ணிட்டு வாங்க.”

நாத்தனாருக்கும் இதே ஆசைதான். வேன் சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வருகிற காட்சியை அவள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருக்கிறாள். இதை எனக்குச் சொன்னது தையல்காரர். சொல்லிவிட்டு, “என் பேரைப் போட்டுடாதீங்க” என்றார். போடவில்லை.

6

வாஷ்பேசின் காட்சியை இத்தனை முறை திருத்தி நான் வேறு எதையும் எழுதியதில்லை.

இந்த வருட இறுதிப் போட்டி மாடிக்கூடத்தில் இல்லை, பெரிய அரங்கில். விளக்குகள், கேமராக்கள், நம்பர் போட்ட நாற்காலிகள். ஓசியில் பார்த்தவர்கள் எல்லாம் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றார்கள். வாஷ்பேசினில் குழாயைத் திறக்க வேண்டியதில்லை, கையை நீட்டினால் தண்ணீர் வந்தது. பரிசைப் பங்குபோடுவது தெரிந்தால் இருவரையும் நீக்கிவிடுவோம் என்று காலையில்தான் செயலாளர் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார். ஆனாலும் இருவரும் வழக்கம்போலக் கை கழுவப் போனார்கள். காலுக்குப் பழக்கமான வழி.

கதாநாயகி என்பதால் பெரிய வார்த்தையைப் பல்லுக்காரிக்குத்தான் முதலில் கொடுத்தேன். ‘இந்த முறை நேர்மையாக ஆடுவோம்’ என்று அவள் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தவள் “பாதி” வரை சொல்லிவிட்டாள். அத்தனை வருடப் பழக்கம். ஒருத்தி இடத்தை எடுத்துக்கொண்டு மற்றவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பணம் கொடுக்கலாம் என்று மனசுக்குள் கணக்கும் ஓடியிருக்க வேண்டும்.

“வேணாம் அண்ணி,” என்றாள் நாத்தனார்.

“என்ன வேணாம்?”

“பாதிப் பாதி வேணாம். நான் உங்களை ஒரு தடவைகூட நெசமா ஜெயிச்சதில்ல.”

“ஏன், நாலு தடவை கோப்பை தூக்கினியே.”

“நீங்க குடுத்தீங்க, தூக்கினேன். நெசமா தோத்ததும் இல்ல. எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்.”

பல்லுக்காரிக்கு முதலில் கோபம் வந்தது. நேற்று வரைக்கும் கோலை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தவள் என்று நினைத்தாள். அடுத்த நொடியே சந்தோஷமாகவும் இருந்தது. அதை வெளியே காட்டவில்லை.

“அப்புறம் வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

“நீங்களும்தான்.”

கதாநாயகியிடமிருந்து வசனத்தைப் பறித்ததற்காக நாத்தனார்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இப்போது இல்லை.

7

ஆட்டத்தை முழுக்க எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நான் தூங்கவில்லை. மூன்றாம் வரிசையில், தையல்காரருக்குப் பக்கத்து நாற்காலியில், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் முதல் இரண்டு ஆட்டத்துக்கு மட்டும் கைதட்டினார். அதற்குப் பிறகு கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இருவரும் இப்படி ஆடக்கூடியவர்கள் என்று அந்த அரங்கில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அண்ணி நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து எடுத்தாள். நாத்தனார் ஐந்தை எடுத்துப் பதில் சொன்னாள். கேமராக்காரர் படமெடுப்பதை மறந்து வாய்திறந்து நின்றார். எட்டுக்கு எட்டு.

எட்டுக்கு எட்டு என்றதும் பழைய ஆட்கள் சிலர் சிரித்தார்கள். நாடகத்தின் கடைசிக் காட்சி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கடைசி ஆட்டத்தில் நாத்தனார் வரிசையாக எல்லாப் பந்துகளையும் போட்டுவிட்டாள். மிச்சம் ஒன்பதாம் பந்து மட்டும், குழிக்கு ஒரு சாண் தள்ளி. அவள் மேஜையைச் சுற்றி வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். குனிந்தாள். அடித்தாள்.

பந்து குழியின் உதட்டில் இடித்து, உள்ளே எட்டிப் பார்த்து, வெளியே வந்துவிட்டது.

அரங்கம் தலையில் கைவைத்தது. பல்லுக்காரி நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் முகம் கறுத்துப்போயிருந்தது.

“வாங்க மேடம், உங்க முறை,” என்றார் நடுவர்.

“வேணும்னே விட்டியா?” என்று அவள் நாத்தனாரைக் கேட்டாள்.

“இல்ல அண்ணி.”

“பொய் சொல்லாத. கண்ணை மூடிட்டுப் போடுவ நீ இந்தப் பந்தை. எனக்குப் பிச்சை போடுறியா?”

“பேசக் கூடாது மேடம்.”

“ஒரு நிமிஷம் சார்,” என்று நாத்தனார் வலது கையை நீட்டிக் காட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் விரல்கள் ஆடுவது மூன்றாம் வரிசைக்கே தெரிந்தது. “பாருங்க அண்ணி, கை நடுங்குது. வேன் நெறைய பிள்ளைங்கள ஏத்திட்டு மழையில பாலத்து மேல போறப்பகூட நடுங்கினதில்ல. இப்ப நடுங்குது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தோல்வியை மறைக்கிற சிரிப்பு இல்லை அது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கை நடுங்குவதைப் பார்த்தவளின் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் தையல்காரர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்.

செயலாளர் அவர்களே, நீங்கள் கேட்ட கட்டுரை இதுதான். ஒரு காலத்தில் பரிசு கொஞ்சமாக இருந்தது. யாருடைய கையும் நடுங்கவில்லை. இன்று அது ஒரு நல்ல ஆட்டக்காரியின் கை நடுங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. வரைபடம் வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பல்லுக்காரி எழுந்தாள். தன் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அதுவும் சும்மா இல்லை. எதையும் யோசிக்காமல் அடிக்கிறவள், அன்று மேஜையை ஒரு முழுச் சுற்று வந்தாள். வெள்ளைப் பந்து ஒரு கோடியில், ஒன்பது மறுகோடியில் பலகையை ஒட்டி. பட்டும் படாமலும் தொட வேண்டிய நீளமான அடி. குனிந்தாள், நிமிர்ந்தாள், கோலின் நுனியில் சாக்கட்டியைத் தேய்த்தாள். மறுபடி குனிந்தாள். நாத்தனார் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பார்த்தாள்.

அடித்துவிட்டாள்.

8

இந்த இடத்துக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

முதலாவதில் பந்து விழுகிறது. பல்லுக்காரி மருத்துவமனைக்குப் போய், பாதி செய்த மேல்வரிசையை ஒப்படைத்துவிட்டு, “பந்துதான் சார்” என்கிறாள்.

இரண்டாவதில் பந்து உதட்டிலேயே நின்றுவிடுகிறது. நாத்தனார் வந்து, நடுங்குகிற கையாலேயே அதைத் தள்ளுகிறாள். முதலாளியின் மேஜையில் வேன் சாவி

(இதையும் பாதியில் நிறுத்திவிட்டேன். எதை எழுதினாலும் மற்றவள் என்னைப் பார்க்கிறாள்.)

நடந்தது எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன். ஆனால் சொல்லப்போவதில்லை. இது கோழைத்தனம் என்று செயலாளர் சொல்வார், சொல்லிக்கொள்ளட்டும். முடிவை உங்கள் கையில் தருகிறேன். உங்களுக்குப் பிடித்தவளை ஜெயிக்க வையுங்கள், காரணம் கேட்க மாட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. இருவருமே ஜெயித்தார்கள், அன்பு ஜெயித்தது, விளையாட்டு ஜெயித்தது என்று எதையாவது சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். அது பழைய வாஷ்பேசின் வேலை. ஒருத்தி ஜெயிக்க வேண்டும், ஒருத்தி தோற்க வேண்டும். நெசமாகத் தோற்பதற்கான உரிமையை அவர்கள் இப்போதுதான் சம்பாதித்திருக்கிறார்கள், அதைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

அரங்கத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பந்து குழிக்கு வந்துவிட்டது. யாருடைய பெயரைக் கூவப் போகிறீர்கள்?