ஐயாதுரை பேரில் முப்பத்தொரு பெட்டி

பொருள் குறைந்தால் பிரச்சினை இல்லை. திருடனைத் தேடலாம், எண்ணியவன் தலையில் பழியைப் போடலாம், ஒன்றுமே இல்லாவிட்டால் எலி தின்றது என்றாவது எழுதி வைக்கலாம். பொருள் கூடிப்போனால் என்ன செய்வது? திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டெபின் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தான். பழைய கம்ப்யூட்டரில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பெட்டி. கிளவுடுக்கு மாற்றிய பிறகு ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று. முப்பத்தொரு பெட்டி அதிகம். வழியில் குட்டி போட்டுவிட்டதா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

ராஜபாளையம் சத்திரப்பட்டி ரோட்டில் இருந்த பேண்டேஜ் கம்பெனி அது. காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை நெய்து, வெளுத்து, வெட்டி மடித்து, நீராவியில் கிருமி நீக்கிப் பெட்டி பெட்டியாக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். எந்தப் பெட்டி எங்கே போனது என்ற பன்னிரண்டு வருட விவரமும் ஆபீஸ் மேஜைக்கு அடியில் கிடந்த ஒற்றைக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. போன ஐப்பசி மழையில் அது இரண்டு நாள் கண் திறக்கவில்லை. முதலாளி கௌதம்ராஜுக்கு அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாளே, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அவர்கள் ஸ்டெபினை அனுப்பினார்கள்.

கிருஷ்ணன்கோவில் காலேஜில் படித்தவன். இருபத்தெட்டு வயது. தனியாகச் செய்கிற முதல் வேலை இதுதான். ஒழுங்காக முடித்தால் இனி வரும் வேலைகளுக்கும் அவனே பொறுப்பு. சொதப்பினால் பழையபடி இன்னொருவனுக்குப் பின்னால் லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

திட்டம் போட்டதில் அவனைக் குறை சொல்ல முடியாது. அறுபத்து நான்கு படிகளை எழுதிச் சுவரில் ஒட்டினான். மூன்று முறை ஒத்திகை பார்த்தான். மூன்று முறையும் எண்ணிக்கை இம்மி பிசகவில்லை. கடைசியாகக் குப்பை கூட்டும் வேலை. போன் நம்பர் இல்லாத, முகவரி இல்லாத, வரி எண் இல்லாத வாடிக்கையாளர் பெயர்கள் பழைய கம்ப்யூட்டரில் நானூற்றுப் பதினேழு கிடந்தன. செத்துப்போன பெயர்களைச் சுமந்துகொண்டு புது வீட்டுக்குப் போவானேன் என்று எல்லாவற்றையும் ஒன்பது பக்கத்தில் அச்சடித்து, டெஸ்பாட்ச் பார்க்கும் அருள்செல்வியிடம் வெள்ளிக்கிழமை நீட்டினான். அவள் ஒரு காதில் போனை வைத்து லாரி செட்டு ஆளைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டை நிறுத்தாமலே ஒன்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். விதிப்படி எல்லாம் சரி.

ஞாயிற்றுக்கிழமை மாற்றும் வேலை நடந்தது. குடோனில் இருந்த பெட்டிக்கெல்லாம் புது ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்டோர் பார்க்கும் அழகுராஜா பாதியில் வந்து நின்றான்.

"சார், ஐயாதுரை பெட்டிக்கும் ஒட்டணுமா?"

"எல்லாப் பெட்டிக்கும்தான்."

"அது தலைகீழால்ல அடுக்கியிருக்கு."

"நிமித்தி வச்சு ஒட்டுங்கண்ணே. இனிமே ஸ்க்ரீன் என்ன சொல்லுதோ அதுதான். ஒரு வாரத்துக்கு யாரும் சொந்தப் புத்தியைப் போட்டுக் குழப்ப வேண்டாம்."

அழகுராஜா தலையைச் சொறிந்துகொண்டு போனான். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான். படித்த பிள்ளையோ, அவன் சொன்னதில் பாதியைக் காதிலேயே வாங்கவில்லை.

இப்போது முப்பத்தொன்று அதிகம். ஸ்டெபின் வரிசை வரிசையாக ஒப்பிட்டான். தயாரித்த எண்ணிக்கை ஒட்டியது. பில் போட்டு அனுப்பிய எண்ணிக்கை ஒட்டியது. மீதி மட்டும் ஒட்டவில்லை. பெயர்களை நீக்கியதாலா? பெயரை எடுத்தால் பெட்டி எப்படிக் கூடும்? அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு டீ குடித்தான். இன்னொரு டீ குடித்தான். அப்புறமும் முப்பத்தொன்றுதான்.

"கையால எண்ணிப் பாத்துருவோம்," என்றார் கௌதம்ராஜ்.

எண்ணினார்கள். அங்கேதான் கூத்து. குடோனில் நிஜமாகவே ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொரு பெட்டி இருந்தது. அதாவது கிளவுட் சொன்னது சரி. பன்னிரண்டு வருடமாகப் பழைய கம்ப்யூட்டர் சொன்னதுதான் தப்பு.

கௌதம்ராஜ் ஸ்டெபினின் முதுகில் ஓங்கித் தட்டினார். "ஏய்யா, முப்பத்தோரு பெட்டியைக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீரே!" என்றார். சந்தோஷத்தில் வீட்டுக்குப் போன் போட்டுத் தெலுங்கில் சொன்னார். வழக்கமாக அவர் கோபம் முற்றினால்தான் ஆபீஸில் தெலுங்கு பேசுவார். அதனால் பேக்கிங் பெண்கள் மிரண்டுபோய் எட்டிப் பார்த்தார்கள்.

ஸ்டெபின் மட்டும் சிரிக்கவில்லை. பழையது தப்பு என்றால், மூன்று ஒத்திகையிலும் புதியதும் அதே தப்பை எப்படிச் சொன்னது? பாராட்டு முதுகில் எரிந்தது. ஆனால் முதலாளியே ஒப்புக்கொண்ட பிறகு, இல்லை, என்னைப் பாராட்டாதீர்கள் என்று எவன் சொல்வான்? அவனும் சொல்லவில்லை. பத்தரை மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் நர்சிங் ஹோமுக்கு நாலு பெட்டி ஆர்டர் வந்தது. பழைய சரக்கு முதலில் போக வேண்டும் என்பது விதி. ஸ்க்ரீன் நாலு பழைய பெட்டிகளைக் காட்டியது. அழகுராஜா சொந்தப் புத்தியைப் போடாமல் அந்த நாலையும் வேனில் ஏற்றினான். டிரைவர் சோலைச்சாமி வண்டியை எடுத்தார்; அங்கே இறக்கிவிட்டு மற்ற ஊர்களுக்கும் போக வேண்டும்.

சாத்தூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்த அருள்செல்வி, பட்டுச்சேலையோடு பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தாள். நேராகக் குடோனுக்குள் போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"தம்பி, ஐயாதுரை பெட்டியெல்லாம் எங்க? ஒண்ணுகூடத் தலைகீழா இல்லையே?"

"யாருக்கா அந்த ஐயாதுரை? கஸ்டமரா?"

"கஸ்டமரா?" அவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஐயாதுரையை என்ன செஞ்சீங்க?"

"போன் நம்பர் இல்ல, அட்ரஸ் இல்ல. எடுத்துட்டேன். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

அருள்செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். ஐயாதுரை என்பவர் அந்தக் கம்பெனியில் தரம் பார்த்த முதல் ஆள். ஒரு பேட்சை நீராவியில் ஏற்றிச் சோதிக்கும்போது கிருமி முழுவதும் சாகவில்லை என்று தெரிந்தால், "இது வெளிய போகாது" என்று பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஆள் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஆனால் பழைய கம்ப்யூட்டரில், தேறாத சரக்கை ஒதுக்கி வைக்க இடமே கிடையாது. அதனால் அருள்செல்வி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஐயாதுரை என்று ஒரு வாடிக்கையாளரை உண்டாக்கி, தேறாத பெட்டிகளையெல்லாம் அவருக்கு அனுப்பியதாகச் சலான் போட்டுவிடுவாள். பில் கிடையாது. பெட்டி குடோனை விட்டு நகராது. கணக்கில் மட்டும் போய்விடும். மறுபடி நீராவியில் ஏற்றித் தேறினால், ஐயாதுரை திருப்பி அனுப்பியதாகப் போட்டுக்கொள்வாள். முதலாளியைத் தவிரக் கம்பெனியில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் வேலை மெனக்கெட்டு எழுதி வைப்பார்கள்?

ஸ்டெபினுக்குக் கணக்கு இப்போது புரிந்தது. வாங்கிய ஆள் இல்லாததால் சலான் செல்லாது. சலான் செல்லாததால் பெட்டி அனுப்பப்படவே இல்லை. அனுப்பாத பெட்டி நல்ல பெட்டி. கிளவுட் ஒரு தப்பும் செய்யவில்லை. அவன் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது.

"அக்கா, காலையில அதுல நாலு பெட்டி போயிருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு."

சோலைச்சாமிக்குப் போன் போட்டார்கள். ராணுவத்தில் பதினெட்டு வருடம் வண்டி ஓட்டியவர். ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது கடவுளே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார். நர்சிங் ஹோம் நம்பர் பழைய கம்ப்யூட்டரில் தப்பாக இருந்தது, கிளவுடுக்கும் தப்பாகவே பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பேட்ச் நம்பரைப் பார்த்து மீதி இருபத்தேழு பெட்டியையும் ஓரமாகக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு, ஸ்டெபின் பைக்கைக் கிளப்பினான். அருள்செல்வி பட்டுச்சேலையை வாரிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"மெதுவாப் போங்க தம்பி," என்றாள் ஒரு தரம். அடுத்த நிமிடமே, "இன்னும் செத்த வேகமாப் போனாத்தான் என்ன?" என்றாள். அவனுக்கும் எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

நர்சிங் ஹோமில் நர்ஸ் ஷெரின், மூன்று பெட்டிகளை ஒட்டு பிரிக்காமல் அப்படியே காட்டினாள். நான்காவது பெட்டி திறந்திருந்தது. இருபது பொட்டலம் இருக்க வேண்டும். அருள்செல்வி எண்ணினாள். நம்பாமல் மறுபடி எண்ணினாள். பத்தொன்பது.

"ஒண்ணு எடுத்தோம்," என்றாள் ஷெரின். "ஆறாம் நம்பர் ரூம்ல. மம்பட்டி வெட்டு, பாதத்துல. ஏன்?"

ஏன் என்பதை ஸ்டெபின் சொல்லத் தொடங்கினான். டேட்டா என்றான், கஸ்டமர் என்றான். ஷெரின் அவனை விட்டுவிட்டு அருள்செல்வியைப் பார்த்தாள்.

"கிருமி சாகாத துணி சிஸ்டர்," என்றாள் அருள்செல்வி.

அதன் பிறகு ஷெரின் ஓடினாள். டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்து, காயத்தை மறுபடி கழுவி, வேறு துணி வைத்து, ஊசி போட்டார். ஸ்டெபின் வாசலில் நின்றான். கட்டிலில் வ. புதுப்பட்டி ஊரைச் சேர்ந்த வெள்ளத்தாய். ஐம்பது வயது இருக்கும். கட்டைப் பிரித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாள், கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"சுகர் வேற இருக்கு இந்தம்மாவுக்கு," என்றார் டாக்டர் வெளியே வந்து. "மூணு நாள் பாக்கணும். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது." அவர் இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம். திட்டாமல் போய்விட்டார்.

ஸ்டெபின் உள்ளே போனான். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. லேப்டாப் பைக்குள் ஒன்பது பக்கக் கையெழுத்து இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் அவன் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கட்டிலுக்கு முன்னால் அதை எடுத்து நீட்ட அவனுக்குக் கூசியது.

"அம்மா, தப்பு என்னோடது," என்றான். "பழைய கம்ப்யூட்டர்ல இருந்து எல்லாத்தையும் புதுசுக்கு மாத்துனேன். அதுல ஒரு பேரு வேண்டாத பேருன்னு நினைச்சு எடுத்துட்டேன். அதான் கெட்ட துணி நல்ல துணியோட கலந்திருச்சு."

வெள்ளத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேண்டாததுன்னு உமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியல. நினைச்சேன்."

"தெரியலைன்னா அங்க இருக்கவுக கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லாய்யா?"

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அறுபத்து நான்கு படி எழுதிய திட்டத்தில் அந்தப் படி இல்லை. பட்டியலை நீட்டினான், கையெழுத்து வாங்கினான், கேட்கவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெளியே வந்தும் வெட்கமாகவே இருந்தது.

பைக்குப் பக்கத்தில் அருள்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் படிக்காமக் கையெழுத்துப் போட்டேன் தம்பி. மொதலாளிகிட்ட நானே சொல்லிருதேன்."

"ரெண்டு பேரும் சேந்து சொல்லுவோம்க்கா." சாவியைப் போட்டவன், திருப்பாமல் நின்றான். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அக்கா, நான் எடுத்த நானூத்திப் பதினேழு பேர்ல, ஐயாதுரை மாதிரி ஆளே இல்லாத பேரு வேற ஏதாச்சும் இருக்கா?"

வண்டியில் ஏறக் காலைத் தூக்கிய அருள்செல்வி, தூக்கிய காலைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரு இருக்காவ தம்பி," என்றாள்.