சம்பூர்ணம் வீட்டு நிலைக்கால்

பூலாம்பாடியில் சம்பூர்ணத்தின் வீட்டு நிலைக்கால் இரண்டும், அறுத்து இழைத்து நிறுத்திய பிறகும், வருஷத்துக்கு இரண்டு விரற்கடை பருத்து வந்தன. அவள் புருஷன் அரியமுத்து சிங்கப்பூர் போன நாலாம் மாதம் இது ஆரம்பித்தது. டிக்கெட் தேதிக்குள் நிலை வைத்துவிட வேண்டும் என்று அவர் நெருக்கியதில், ஆசாரி ராசாங்கம் பச்சை வேம்பையே அறுத்து, சுவரோடு ஒட்டும் பக்கத்துப் பட்டையை உரிக்காமல் விட்டுவிட்டார். சுவரைப் பூசிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. சம்பூர்ணமும் தன் பங்குக்கு, வெள்ளிக்கிழமைதோறும் நிலைக்கு மஞ்சள் பூசும்போது ஒரு குடம் தண்ணீரை அதன் காலடியில் நிதானமாக ஊற்றினாள். பேச ஆளில்லாத வீட்டில் வேறென்ன அவசரம்.

ராசாங்கம் வந்து உளியால் சுரண்டிப் பார்த்தார். "நடுக்கட்டை பாரம் தாங்க மட்டுந்தான்மா. உசுரு பட்டைக்கு அடியில தாள் கனத்துக்கு ஈரமா இருக்கும். அது உள்ள கட்டையும் வெளிய பட்டையும் போட்டுக்கிட்டே போவும்" என்றவர், தன் தப்பைப் பற்றி மூச்சுவிடாமல் கிளம்பிப் போனார்.

இழைத்த பக்கத்தையும் புதுப்பட்டை புண் ஆறுவதுபோல் மூடியது. இரண்டாம் வருஷம் கதவு சாத்த வரவில்லை, கழற்றிச் சாய்த்தாள். ஏழாம் வருஷம் அவளே ஒருக்களித்துத்தான் போய்வந்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் லீவு கிடைக்கவில்லை என்று போன் செய்த அரியமுத்து, அனுப்பிய படங்களில் தொப்பை போட்டுக்கொண்டே போனார். இவர் வந்தால் உள்ளே எப்படி நுழைவார் என்று அவள் இடைவெளியைச் சாண் போட்டுப் பார்த்தாள். அறுக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் காதை வைத்தால் மரத்துக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவளைத் தவிர உயிருள்ளது அது ஒன்றுதான்.

எட்டாம் வருஷம் அவர் வந்துவிட்டார். ஒருக்களித்தும் தோள்தான் நுழைந்தது, தொப்பை நுழையவில்லை.

"ராசாங்கத்த ரம்பம் எடுத்தாரச் சொல்லு."

"அறுத்தா செத்துடும்ங்க."

"அப்ப நான் எங்க போறது?"

சம்பூர்ணம் உள்ளே நின்றபடி நிலையில் கை வைத்தாள். "நீங்க இல்லாம இருந்து பழகிட்டேங்க. இது இல்லாம இருந்ததில்ல" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அழுகை வந்தது.

அரியமுத்து லீவு முடியும்வரை வாசலில் கட்டில் போட்டுப் படுத்தார். மூன்று வேளையும் அவள் ஒருக்களித்து வந்து சோறு வைத்தாள். அவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு சிங்கப்பூருக்குத் திரும்பினார். அந்த வருஷமும் நிலை இரண்டு விரற்கடை பருத்தது. சம்பூர்ணம் அதற்குத் தகுந்தாற்போல் இளைத்துக்கொண்டாள்.