பூட்டாத கால்

ராசாத்தி கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தாள்.

மேலே சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியில் அவள் புருஷன் தனபால் மிளகு பறித்துக்கொண்டிருந்தான். கொட்டச்சேட்டு மலை எஸ்டேட்டுகளில் மிளகு பறிப்பவர்கள் ஏணிப் படிக்குள் ஒரு காலை நுழைத்து, முழங்காலை மடக்கிப் பூட்டிக்கொள்வார்கள். அப்போதுதான் இரண்டு கையும் பறிக்கக் கிடைக்கும். பூட்டுகிற காலின் பின்தொடையில் படி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போகும். காய்ப்பு இல்லாதவனைப் பறிக்கத் தெரிந்தவனாகவே யாரும் மதிப்பதில்லை.

போன வருடம் தனபாலின் தொடையில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்தபோது, எல்லோரும் அதையும் ஏணிக் காய்ப்பு என்றே சொன்னார்கள். "ஏணிக்கு உன்ற மேல நொம்ப ஆசை மாப்ள" என்று கூட்டாளி பொன்னுவேல் சிரித்தான். அடிவாரத்தில் ஒரு டாக்டரும் ஏணிக் கதையைக் கேட்டுவிட்டு, "வலியில்லையே? வெறும் கொழுப்புக்கட்டி" என்று மரத்துப்போக ஊசி போட்டு அறுத்தெடுத்தார். ஸ்கேன் எடுக்கவில்லை. எடுத்த சதையைப் பரிசோதனைக்கும் அனுப்பவில்லை. இந்த வருடப் பறிப்பு தொடங்குவதற்குள் தழும்புக்கு அடியிலேயே மறுபடி வந்துவிட்டது, முன்னைவிடப் பெரிதாக.

இப்போது அண்ணாந்து பார்க்கிறாள். படியில் பூட்டியிருப்பது, எப்போதும் போல, இடது கால். கட்டி இருப்பது வலது காலில்.

"ஏனுங்க, கீழ எறங்குங்க."

"பை நெறையல புள்ள."

"எறங்குங்கன்னா. அது ஏணியால வந்ததில்லீங்க."

"பின்ன, உன்ற சோத்தாலயா?"

அவள் அவன் இடது காலைக் காட்டினாள். தனபால் குனிந்து தன் கால்களையே பார்த்தான். பிறகு அவன் சிரிக்கவில்லை.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். தசையில் வந்த புற்றுநோய்.

"முதல்லயே பரிசோதிச்சிருந்தா, சுத்தியிருக்கிற சதையோட எடுத்துக் காலைக் காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார் சர்ஜன். "இப்ப பெரிய ரத்தக்குழாயையும் நரம்பையும் சுத்திக்கிச்சு. காலை எடுத்துத்தான் ஆகணும். நெஞ்சுலயும் சின்னதா ரெண்டு புள்ளி தெரியுது. அது என்னன்னு போகப்போகத்தான் தெரியும்."

அந்தப் புள்ளிகள் அடுத்த மிளகு பழுப்பதற்குள் அவனைக் கொண்டுபோயின. ஆனால் ராசாத்திக்குக் கண்ணை மூடினால் வருவது ஆபரேஷன் நாளின் காலை நேரம்தான்.

வலது தொடையில் உயரத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். "பூட்டற காலு இருக்குதில்ல, அழுவாத" என்று அவன்தான் அவளைத் தேற்றினான். தள்ளுவண்டி வந்தது. நர்ஸ் கூப்பிட்டும் அவன் நகரவில்லை. ராசாத்தி போர்வையை விலக்கினாள். கட்டிலின் பக்கத்துக் கம்பிகளுக்குள் இடது காலை நுழைத்து, முழங்காலை மடக்கி, இறுகப் பூட்டியிருந்தான்.

"எறங்குங்க" என்றாள்.

"ஏணியப் புடிச்சிருக்கியா?"

கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "புடிச்சிருக்கறனுங்க."

அதன் பிறகே அவன் காலை விடுவித்தான்.