இரண்டாம் வருடம்

அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, நனைந்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள் இளையவள். ஆளைத் தூக்காமலே, கட்டிலின் பாதியில் பழையதும் பாதியில் புதியதுமாக விரிப்பை மாற்றுவது அவளுக்குக் கைவந்த வேலை. நர்ஸிங் பள்ளியில் ஒரு வருடம் குப்பை கொட்டியதில் மிச்சம் அது ஒன்றுதான் என்பாள் அக்கா. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே சொல்வதால் அந்தப் பேச்சிலும் ஊசி இருக்கும்.

படிப்பைப் பாதியில் விட்டுவந்து எட்டு மாதம். ஏன் என்று ஊரே கேட்டு ஓய்ந்துவிட்டது. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்து நுரையீரலைத் தொலைத்த அப்பா மட்டும் கேட்டதில்லை. அன்று காலை கேட்டார்.

"அங்க என்னதாம்மா நடந்துச்சு?"

விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகியபடியே சொன்னாள். "வார்டுல ஒரு பெரியவருப்பா. கடைசி நேரம். தண்ணி கேட்டாரு. எனக்குக் கை கால் ஓடல. வெளிய ஓடிட்டேன். திரும்பி வந்தப்ப முகத்தை மூடியிருந்தாங்க."

"கை கால் ஓடலன்னுட்டு, ஓடிட்டேங்கிறியே?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"சரி, எனக்கு ஒரு வாய் குடு."

கரண்டியால் கொடுத்தாள்.

பிற்பகலில் மூச்சின் போக்கு மாறியது. நீண்ட இழுப்பு, பிறகு இடைவெளி, மறுபடி இழுப்பு. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். வாசல் பத்தடி தூரத்தில் திறந்து கிடந்தது.

"அக்கா, மெஷினை நிறுத்திட்டு வா."

அக்கா வந்து காலடியில் நின்றாள். "ஆஸ்பத்திரிக்கு...?"

"வேண்டாம்னு அவரே சொல்லிட்டாருல்ல. பக்கத்துல உட்காரு. ஏதாவது பேசுக்கா, காதுல விழும்."

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்தாள். "அப்பா, அந்தப் பச்சைச் சட்டைக்குப் பட்டன் தச்சுட்டேன்" என்றாள்.

அடுத்த மூச்சு வரவில்லை. இளையவள் மார்பையே பார்த்துக் காத்திருந்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால்.

வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து முகம், காதின் பின்புறம், விரலிடுக்கு என்று துடைத்தாள். "அப்பா, இப்ப இந்தப் பக்கம் திருப்பறேன்" என்று சொல்லிவிட்டே திருப்பினாள்.

"போனவங்ககிட்டயும் சொல்லிட்டுத்தான் செய்யணுமா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. முதல் வருஷத்துல சொல்லிக் குடுத்தாங்க."

அக்கா துணியை வாங்கிப் பிழிந்து கொடுத்தாள்.

"ரெண்டாம் வருஷத்துல என்ன சொல்லிக் குடுப்பாங்க?"

"தெரியலக்கா."

மூன்று வாரம் கழித்து இருவரும் நர்ஸிங் பள்ளி முதல்வரின் அறையில் நின்றார்கள்.

"உன்கூடப் படிச்சவங்க மேல் வகுப்புக்குப் போயிட்டாங்க. சின்னப் பொண்ணுங்களோட உட்காரணும். மறுபடி ஓடிட மாட்டியே?" என்றார் முதல்வர்.

"பயம் இருக்குங்க மேடம். ஆனா ஓட மாட்டேன்."

முதல்வர் படிவத்தை மேசையின் குறுக்கே தள்ளினார். "வீட்டுப் பெரியவங்க கையெழுத்து வேணும்."

இளையவள் எழுத வேண்டியதை எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினாள். கடைசி வரியில் 'தந்தை' என்று அச்சிட்டிருந்தது. அக்கா குனிந்து, துணியில் வெட்டுக்கோடு போடுகிற நிதானத்தோடு, அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கோடு கோணவில்லை. பக்கத்தில் 'அக்கா' என்று எழுதினாள்.