மழை சொல்லும் தோழி

கண்ணில் டாக்டரின் கத்தி பட்ட மறுநாளிலிருந்து பாப்பாவுக்கு உலகமே தரைதான்.

வலது கண்ணின் விழித்திரை விலகிப்போயிருந்தது. டாக்டர் அதை ஒட்டவைத்து, மறுபடி பெயராமல் இருக்கக் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை நிரப்பி அனுப்பியிருந்தார். குமிழி எப்போதும் மேலே ஏறப் பார்க்கும். அது போய் அழுத்த வேண்டிய இடமோ கண்ணின் பின்பக்கம். "அதனால பத்து நாளைக்குக் குப்புறத்தான் இருக்கணும். நடக்கும்போதும் சாப்பிடும்போதும்கூட மோவாய் நெஞ்சைத் தொடணும்" என்றார்.

அந்த மருத்துவமனை இருந்த ஊரில்தான் அண்ணன் வீடு. ஆனால் அண்ணன் இல்லை. லிஃப்ட் பொருத்தும் வேலையாக மூன்று வாரம் வெளியூர் போயிருந்தான். வீட்டில் அண்ணி மட்டும். கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி; நான்கு வருடமாக இருவருக்கும் நடுவில் இருந்தது போனில் "நல்லா இருக்கீங்களா அண்ணி", "இருக்கேன், நீ?" என்கிற இரண்டு வரிதான். முப்பத்தெட்டு வயதாகியும் அண்ணன் வாயில் அவள் இன்னும் பாப்பா. அண்ணியும் அதையே பிடித்துக்கொண்டாள்.

பாப்பாவுக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. பூமிக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நீளமான இரும்புக்கோலின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பாள். கசிவு இருந்தால் கீழேயிருந்து ஒரு சீறல் வரும். பதினாறு வருடமாகக் காதால் சோறு தின்றவள். அதனால் கண் இல்லாத அந்தப் பத்து நாள் மற்றவர்களுக்கு எப்படியோ, அவளுக்கு அவ்வளவு பயமாக இல்லை.

கட்டிலில் குறுக்காகப் படுத்து, நெற்றியை மட்டும் ஒரு சுருட்டிய துண்டில் தாங்கி, விளிம்புக்கு வெளியே முகத்தைத் தொங்கவிட்டிருப்பாள். நல்ல கண்ணுக்குச் சாம்பல் நிறத் தரை தெரியும். அறுத்த கண்ணில் பச்சையாக ஏதோ தளும்பிக்கொண்டே இருக்கும், குளத்துக்கு அடியில் கிடந்து வெயிலைப் பார்ப்பதுபோல. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படியும்போது தரையே மெல்ல ஓடத் தொடங்கும். அந்த ஓடும் தரையில் அவ்வப்போது இரண்டு பாதங்கள் வரும். அதுதான் அண்ணி.

பாதங்கள் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டன. அவசரமென்றால் குதிகால் தரையில் படாது. யோசனையென்றால் ஒரு பாதம் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சொட்டு மருந்து விடும் அரை நிமிடம் மட்டும் முகத்தை மேலே திருப்பலாம். அப்போதும் கண்ணீருக்குள் அண்ணியின் முகம் கரைந்துபோகும்.

அந்த அறையில்தான் கம்ப்யூட்டரும் இருந்தது. அண்ணி பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். காதில் போனின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மணிக்கணக்கில் மௌனம்தான். மவுஸின் சொடுக்கு மட்டும் கேட்கும். அந்த மௌனத்துக்கு நடுவில் மணிக்கொரு முறை கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பெண்குரல் பேசும்.

"வணக்கம். நான் உங்கள் வானிலைத் தோழி. இன்று உங்கள் ஊரில் மழை பெய்யும். குடையை மறக்காதீர்கள்."

ஜன்னலுக்கு வெளியே சுள்ளென்று வெயில். முதுகில் அது விழுவது பாப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் தோழி மழை என்று சொன்னதும், முதுகைத் தவிர மற்ற உடம்பெல்லாம் நனையத் தொடங்கிவிடும். பச்சைக் குளத்தின் மேல் துளிகள் விழும். அவள் ஊன்றியிருக்கும் கோலுக்கு அடியில் ஊரிலுள்ள குழாய்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அப்படியே தூங்கிப்போவாள். எழுந்தால் மறுபடி மழை. தனக்குத் துணையாக இருக்கட்டும் என்று அண்ணிதான் இந்தக் குரலைப் போட்டுவைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். 'வாய் திறந்து பேசாட்டியும் நல்ல மனசு' என்று சொல்லிக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள் மத்தியானம், சமையலறையில் அண்ணி போனில் பேசுவது காதில் விழுந்தது. அண்ணி ரகசியமாகத்தான் பேசினாள். பாப்பாவின் காதுக்கு ரகசியம் கிடையாது.

"ஆமாங்க, வந்து ஒரு வாரம் ஆகுது. நானா கூப்பிடல, தானா வந்து ஒட்டிக்கிச்சு. அது வந்ததுலருந்து என் வேலையே ஓடல... சொல்லிப் பாத்துட்டேன், அசையமாட்டேங்குது. வியாழக்கிழமைக்குள்ள எப்படியாவது அதை வெளியே அனுப்பணும், இல்லைன்னா என் பொழப்பு போயிடும்."

பாப்பா அந்த வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் ஆகியிருந்தது. பரிசோதனைக்கு மூன்று நாள், பிறகு இந்த நான்கு நாள்.

அண்ணன்கூட மற்றவர்களிடம் அவளைப் பற்றி "அது தூங்குது", "அது சாப்பிட்டுச்சு" என்றுதான் பேசுவான். வீட்டில் இளையவளுக்கு அது செல்லமான சொல். இன்றைக்கு அதே சொல் முள்ளாகக் குத்தியது. அறுத்த கண்ணில் நீர் கோத்து உப்பு எரிந்தது. அழக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனாலும் அடக்கிக்கொண்டாள்.

அன்று மாலை தண்ணீர் கேட்கவில்லை. கேட்டால்தானே தொந்தரவு? குளியலறைக்கும் தானே எழுந்து, மோவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, சுவரைத் தடவிப் போனாள். கதவின் விளிம்பில் முழங்கை இடித்து நீலம் பாரித்தது. சத்தம் போடவில்லை. மணிக்கொரு தரம் தோழி வந்து மழை என்றாள். அந்த மழையும் அன்றைக்கு அவளை நனைக்கவில்லை.

மறுநாள் காலை பாதங்கள் வந்தன. தட்டில் ரொட்டி இருந்தது.

"அண்ணி, இந்த ஊர்ல என்கூட வேலை பாத்தவங்க ஒருத்தங்க இருக்காங்க. மிச்ச நாளை அங்க இருந்துக்கட்டுமா?"

பாதங்கள் நின்றன. "யாரு?"

"ஒரு... மீட்டர் பாக்குறவங்க."

"அவங்க வீடு எங்க?"

பாப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பஸ்ல போனா பக்கம்தான்" என்றாள்.

"பஸ்ல எப்படிப் போவே? குப்புறப் படுத்துக்கிட்டா?"

பாப்பா நெற்றிக்குக் கீழே இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன பாப்பா? நான் ஏதாச்சும் குறை வச்சேனா?"

"குறையெல்லாம் இல்ல அண்ணி. உங்க வேலை ஓடலைன்னு நேத்து போன்ல சொன்னீங்க. தானா வந்து ஒட்டிக்கிச்சுன்னு. என் காது கொஞ்சம் அப்படி. ஒட்டுக் கேக்கல. கேட்டுடுச்சு."

 தட்டு தரையில் வைக்கப்படும் சத்தம். முழங்கால்கள் வந்தன. அதற்குப் பிறகு நடந்ததைப் பாப்பா எதிர்பார்க்கவில்லை. அண்ணி தரையில் மல்லாந்து படுத்து, கட்டில் விளிம்புக்குக் கீழே தன் தலையை நகர்த்தி, பாப்பாவின் முகத்துக்கு நேர் கீழே தன் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அது களைத்துப்போன முகம். கண்ணுக்குக் கீழே கருவளையம். நெற்றியில் பென்சில் கறை. ஒரு பாதி தெளிவாகவும் மறுபாதி பச்சைத் தண்ணீருக்குள் அசைந்தபடியும் தெரிந்தது. அந்த முகம் அழுகிறதா சிரிக்கிறதா என்று பிடிபடவில்லை.

"அடிப்பாவி! நான் சொன்னது உன்னை இல்லடி. அதை!" என்று கையை நீட்டி மேஜையைக் காட்டினாள். "அந்த மழைக்காரியை! கம்ப்யூட்டர் கடைக்காரர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்."

"அது நீங்க போட்டுவச்சது இல்லையா?"

"நான் எதுக்குப் போடுறேன்? பாடப்புத்தகத்துத் தலைப்புக்கு ஓசியில ஒரு எழுத்துரு கிடைச்சுதேன்னு இறக்கினேன். அதோட வால் பிடிச்சுக்கிட்டு இவளும் வந்துட்டா. எதைத் திறந்தாலும் முன்னாடி வந்து விளம்பரம் காட்டுறா. ஒரு பக்கத்தைச் சேமிக்கப் பத்து நிமிஷம். நீக்குன்னு சொன்னா, 'தோழியைப் பிரிய மனம் வருகிறதா?'ன்னு கேக்குறா. கீழே பெரிய பச்சைப் பொத்தான்ல 'இல்லை, இருக்கட்டும்'. போகட்டும்ங்கிறது எங்கயோ ஓரமா எறும்பு அளவு எழுத்துல. அதைத் தேடி அழுத்தினா போறா. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டா மறுபடி வந்து நிக்கிறா. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வாசல்லயே செருப்பைக் கழட்டி விடுற ஆளுங்க இருப்பாங்களே, அந்த மாதிரி. நீ தூங்குறியே, எதுக்குச் சொல்லித் தொந்தரவு பண்ணணும்னு பேசாம இருந்தேன்."

"நானும் தொந்தரவு வேண்டாம்னுதான் பேசாம இருந்தேன்."

"நல்லா இருந்தோம் போ."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. குப்புறக் கிடந்து சிரித்தால் வயிறு வலிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணியின் கை மேலே நீண்டு, நீலம் பாரித்த முழங்கையைத் தொட்டுப் பார்த்தது. 

"கடைக்காரர் என்ன சொன்னார்?"

"மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம்ங்கிறார். மூணு நாள் ஆகுமாம். எனக்கு இருக்கிறதே ரெண்டு நாள். இருநூறு பக்கம் அச்சுக்குப் போகணும்."

 "அண்ணி, அதை அணைச்சுப் போடுங்க. நான் கேக்குறேன்."

"எதைக் கேக்குறே?"

"கூரையில ஈரம்னா கூரையைத் துடைச்சு ஆகாது. எங்க கசியுதுன்னு பாக்கணும்."

அண்ணி எழுந்து போனாள். பழைய கம்ப்யூட்டர், உள்ளே தட்டு சுழல்கிற வகை. விசிறி இரைந்தது. ஹார்ட் டிஸ்க் கறகறவென்று விழித்துக்கொண்டு பிறகு அடங்கியது. பாப்பா மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். நாற்பதில் ஒரு சின்னச் சத்தம், எலி பல்லைத் தேய்ப்பதுபோல. நாற்பத்தைந்தில் தோழி "வணக்கம்" என்றாள்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் நாற்பதில் எலி.

"அவ பேசுறதுக்கு முன்னாடி வேற யாரோ உள்ள வந்து பாக்குறாங்க அண்ணி. அரைத்தூக்கத்துலயும் இதைக் கேட்டிருக்கேன். மணிக்கொரு தரம், அவ பேசுறதுக்குக் கொஞ்சம் முந்தி. கனவுன்னு நினைச்சேன். மணியடிச்ச மாதிரி சரியா வருது. கம்ப்யூட்டர்ல குறிச்ச நேரத்துக்கு வேலை செய்ற மாதிரி எதையாச்சும் வைக்க முடியுமா?"

அண்ணியின் ஒரு பாதம் இன்னொன்றின் மேல் ஏறியது. "முடியும். அதுக்குன்னு ஒரு பட்டியலே இருக்கு. நான் அங்க பாக்கவே இல்ல."

சொடுக்கு, சொடுக்கு. அண்ணி பட்டியலை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். ஒன்பதாவது வரி 'கணினி நலப் பராமரிப்பு' என்றிருந்தது. வேலை நேரம்: இயக்கியதும் ஒருமுறை, பிறகு மணிக்கொரு முறை. இயக்குவது எதை என்று பார்த்தால், முகவரியில் தோழியின் பெயர்!

"அடிக்கள்ளி, பேரை மாத்திக்கிட்டு உக்காந்திருக்கா! இவதான் அவளைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கிட்டு வரா."

"உடனே கை வைக்காதீங்க. முதல்ல வால்வை மூடணும். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்குங்க."

ஒயர் பிடுங்கப்பட்டது. அந்த ஒன்பதாவது வரியை அண்ணி அழித்தாள். பிறகு எறும்பெழுத்தைத் தேடித் தோழியை நீக்கினாள். அவள் குடியிருந்த கோப்புறை மட்டும் அழிய மாட்டேன் என்றது, உபயோகத்தில் இருக்கிறதாம். கம்ப்யூட்டரைப் பாதுகாப்பு முறையில் திறந்தாள். அந்த முறையில் அத்தியாவசியமானவை மட்டுமே விழித்திருக்கும், தோழியின் ஆட்கள் எல்லாம் தூக்கத்தில் இருப்பார்கள். தூக்கத்தோடு தூக்கமாகக் கோப்புறை அழிந்தது. பிரவுசரில் ஒட்டியிருந்த துணை நிரலையும் கழற்றி, முதல் பக்கத்தைப் பழையபடி மாற்றினாள்.

இதற்கெல்லாம் மத்தியானம் ஆகிவிட்டது. நடுவே தோழி ஒரு முறையும் பேசவில்லை.

"இப்ப சாதாரணமா போடுங்க."

விசிறி இரைந்தது. டிஸ்க் விழித்து அடங்கியது. இருவரும் சேர்ந்து, இந்த முறை வாய்விட்டு எண்ணினார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. எலி இல்லை. ஐம்பது. எழுபது. நூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினார்கள். ஒயரை மறுபடி மாட்டி ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். எங்கோ தெருவில் ஒரு வண்டி பின்னால் நகரும் மணி கேட்டது, அவ்வளவுதான்.

"போயிட்டா" என்றாள் அண்ணி.

"பாவம். எந்த ஊர் மழையோ, இங்க வந்து சொல்லிக்கிட்டிருந்தா."

"உனக்கு வேணும்னா சொல்லு, திரும்பக் கூப்பிடுறேன்."

"ஐயோ வேண்டாம் சாமி!"

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று ஓடியது. ஆனால் அண்ணி ஹெட்போனை மாட்டவில்லை. வடிவமைத்துக்கொண்டே பக்கங்களை வாய்விட்டு வாசித்தாள். பாப்பா கண்ணை மூடிக் கேட்டபடி கிடந்தாள். நிலம் எப்படி அடுக்கடுக்காகப் படிந்தது என்று ஒரு பாடம். பறவைகள் கடலைக் கடப்பது ஒரு பாடம். தூக்கமும் விழிப்புமாக அவளும் எங்கெங்கோ கடந்தாள். "தண்ணி வேணுமா?" என்று கேட்கும்போதெல்லாம் "ஆமா" என்றாள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடைசிப் பக்கம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது. பிறகு சீரான மூச்சு.

பாப்பா மெல்ல எழுந்தாள். மோவாயை நெஞ்சில் வைத்தபடி போய், ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். மேஜை மேல் அண்ணியின் போன் அதிர ஆரம்பித்தது. அது இரண்டாம் முறை அதிர்வதற்குள் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"பாப்பாவா? கண்ணு எப்படி இருக்கு? அண்ணி எங்க? ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா இல்லையா?" என்றான் அண்ணன்.

"மெதுவாப் பேசு. அண்ணி தூங்குறாங்க" என்று கிசுகிசுத்தாள் பாப்பா. "சாயங்காலமா கூப்பிடு."