கேப்டன் ப்ராட்டின் மரவீடு

எங்கள் மாவட்டத்தில் முதன்முதலில் குடியேறியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெரிய மனிதரைக் காட்டுவார்கள். இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பானி என்னும் செவ்விந்திய இனத்தாரை எவனும் கணக்கில் சேர்ப்பதில்லை. நெப்ராஸ்கா மண்ணில் சோளம் விளையும், வெட்கம் மட்டும் விளையாது.

இந்த ஆண்டு முதல் குடியேறிகள் விருந்தில் கேப்டன் லைமன் ப்ராட்டைப் பாராட்டிக் கல் நடுவதாக முடிவு. எந்தப் படைக்குக் கேப்டன் என்று நாங்கள் கேட்டதில்லை. ஆளில்லாத பொட்டலில் முதல் வீடு கட்டியவர் என்று கல்லில் வெட்டியாயிற்று. சாட்சிக்குத் தன் பழைய மரவீட்டையே நீதிமன்றத் திடலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

என் அண்டைவீட்டுக் கிழவி பார்போராவின் வயிற்றெரிச்சல் அந்த ‘ஆளில்லாத’தான். ஐரோப்பாவின் போஹீமியாவிலிருந்து வந்து, ப்ராட்டுக்கு முன்பே மேட்டைக் குடைந்து குழிவீட்டில் வாழ்ந்தவள். கணவனையும் கைக்குழந்தையையும் அங்கேயே புதைத்தாள். கண்ணாடிச் சன்னல் வைத்த வீடு இருந்தால்தான் நிலம் சொந்தம் என்றார்கள் அரசாங்க நில அதிகாரிகள். குழிவீட்டுக்கு ஏது சன்னல்? நிலம் ப்ராட்டுக்குப் போயிற்று. இப்போது கல்லறைகளை அவருடைய மாடுகள் மிதிக்கின்றன. வேலி போட அனுமதி கேட்டால், “எனக்கு முன்னால அங்க ஆளே இல்ல, கல்லறை எங்கேருந்து வரும்?” என்பார். கல்லை நட்டுவிட்டால் அந்தப் பொய்யே சரித்திரமாகிவிடும்.

விருந்தன்று நான் கோழி வறுத்துக்கொண்டிருந்தேன். மரவீட்டுப் பக்கம் சத்தம் கேட்டது.

“யோவ் ப்ராட், இது என் வீடுய்யா. கதவுல என் மாட்டுச் சூட்டுக்குறி இருக்கு பாரு,” என்றார் ப்ராட்டின் காலத்துப் பண்ணைக்காரர் எல்மர் ஸ்டட்லி.

“உன் வீடா? இந்தக் கண்ணாடியில கீறல் போட்டதே என் பொண்டாட்டிதான்,” என்றார் இன்னொரு பழைய பண்ணைக்காரர் ஓரின் காஸ்.

‘நான்தான் முதல் வீடு கட்டினேன்’ என்று ஒவ்வொருவரும் பிள்ளைகளிடம் காலமெல்லாம் அளந்த கதை. பிள்ளைகள் பின்னால் நிற்கும்போது எப்படி விட்டுக்கொடுப்பார்கள்? அளந்து அளந்து, செய்த திருட்டே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

பார்போரா நிதானமாக வந்து வீட்டின் அடிக்கட்டையைக் கைத்தடியால் தட்டினாள். சக்கர அச்சு தேய்த்த பள்ளம் நன்றாகத் தெரிந்தது.

“ஏன்யா அடிச்சுக்கிறீங்க? எல்லாரும் சொல்றது நெசந்தான். இதுக்கு அடியில சக்கரம் இருந்துச்சு. எருது பூட்டி ஒருத்தன் நிலத்துல நிறுத்தி, என் வீடுன்னு நில அதிகாரிகிட்ட சத்தியம் பண்ணிட்டு, அடுத்தவன் நிலத்துக்கு இழுத்துட்டுப் போவீங்க. என் கண்ணால பாத்தேன்.”

ப்ராட் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பார். மூட மாட்டாரே.

“சும்மா அளக்காத. நான் மேட்டுக்கு இதை இழுத்துட்டு வந்தப்ப அங்க ஈ காக்கா இல்ல. நீ எங்க நின்னு பாத்த?”

“என் புள்ளைக்குக் குழி தோண்டிட்டு நின்னேன். கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கன்னு உன்கிட்டதான் கெஞ்சினேன், கேப்டன். செத்த புள்ளைக்கு மரியாதையா நீ தொப்பியைக்கூடக் கழட்டல.”

ப்ராட்டின் மகனே தகப்பன் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்து போனான். கோழி கருகியதை நான் கவனிக்கவில்லை. கருகட்டும், இந்தக் கூட்டத்துக்கு அதுவே அதிகம்.

கல் நடப்படவில்லை. மறுநாள் முள்கம்பியும் கம்பங்களும் ஏற்றிக்கொண்டு பார்போராவும் நானும் மேட்டுக்குப் போனோம். ப்ராட் தானே மாடுகளை ஓட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். பார்போரா அந்தப் பக்கம் திரும்பாமல் முதல் கம்பத்தை ஊன்றினாள்.